கரையில் நின்ற கடலோடி

அகில உலகத்துக்கும், அதிலும் முக்கியமாக நெப்ராஸ்கா மாநிலம் ஹோல்ம்பெர்க் ஊரின் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு குடிமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பயிர்க் காப்பீட்டுத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற திரு. ஹார்லன் வோஸ்பர்க் அவர்கள் பசிபிக் பெருங்கடலைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

அறிவிப்பை எழுதியவரும் திரு. ஹார்லன் வோஸ்பர்க்தான். மனைவி லோர்னாவோடு ஹவாயின் கவாய் தீவுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் இப்படித் தொடங்கிய கடிதம், அதற்குப் பிறகு மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பெயர் 'பெருங்கடல் மடல்'. நான்கு பக்கம், நூற்று நாற்பத்திரண்டு மின்னஞ்சல் முகவரிகள். ஊர் லூத்தரன் தேவாலயத்தில் அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் குத்திவைப்பதாகக் கேள்வி. அந்தக் கேள்வியிலேயே அவர் அரை ஆண்டு மகிழ்ச்சியாக இருந்தார்.

ஹோல்ம்பெர்க்கிலிருந்து எந்தப் பக்கம் காரை ஓட்டினாலும் கடலைப் பார்க்க இரண்டு நாளாவது ஆகும். அங்கே தண்ணீர் என்றால் ஊருக்கு வெளியே உள்ள நீர்த்தேக்கம். நீர்த்தேக்கம் என்றால் ட்வைட். லோர்னாவின் தங்கை மார்லிஸின் கணவன். பாசன எந்திரங்கள் விற்றுச் சம்பாதித்தவன். அந்தத் தேக்கத்தில் கூரை போட்ட, குளிர்பெட்டி வைத்த, நாற்காலிகள் சுழலும் மிதவைப் படகு ஒன்று வைத்திருந்தான். இருபது கோடைகள் ஹார்லன் அதில் உயிர்காப்பு அங்கியோடு ஓரமாக உட்கார்ந்து, ட்வைட் எடுத்து நீட்டிய சாண்ட்விச்சைத் தின்றிருக்கிறார். ஒருமுறைகூட சுக்கானைத் தொட விட்டதில்லை. "நீ உக்காரு, ஹார்லன். நான் பாத்துக்கிறேன்" என்பான் ட்வைட். அந்த 'நான் பாத்துக்கிறேன்'தான் ஹார்லனைப் பசிபிக் வரைக்கும் விரட்டியது என்று சொன்னால் அவர் மறுப்பார். லோர்னா மறுக்கமாட்டாள்.

பசிபிக் என்னவோ அவரை வரவேற்கவில்லை. வந்த நாலாம் நாள், இடுப்பளவு நீரில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டி, படத்துக்காகக் கைகளை விரித்தார். பின்னாலிருந்து வந்த அலை அவரைச் சுருட்டி, வாய் நிறைய மணலைத் திணித்து, கரையில் குடைபோட்டுப் படுத்திருந்த ஒரு ஜெர்மன் தம்பதியின் காலடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த அம்மாள் அவருக்கு ஒரு துண்டு கொடுத்தாள். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேலே கடலை அவர் அனுமதிக்கவில்லை. பவளப் பாறைகளைப் பார்ப்பதற்காக வாங்கிய நீச்சல் கண்ணாடி சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது பயன்பட்டது.

தீவு வாழ்க்கை என்று அவர் உண்மையில் வாழ்ந்தது வேறு. உப்புக்காற்றில் காரின் கதவு துருப்பிடித்துத் தனியே வந்தது. தோல் செருப்புகளில் பூஞ்சை முளைத்தது. ஊரெல்லாம் உரிமையாளர் இல்லாமல் திரியும் சேவல்கள் விடிவதற்குள் நாலு முறை கூவின. வருடத்துக்கு ஏழு தடவை அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து உறவினர்கள் இறங்கினார்கள். அவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்து, மணல் படிந்த துண்டுகளைத் துவைத்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது ஹார்லனின் வேலை.

கடிதத்தில் இதெல்லாம் வராது. அதற்காக அவர் பொய் எழுதினார் என்றும் சொல்லிவிட முடியாது. முப்பத்தாறு வருடம் காப்பீட்டுப் பத்திரங்களின் வாசகங்களோடு வாழ்ந்தவர். எந்த வாக்கியத்தையும் நீதிமன்றத்தில் நிறுத்திக் காப்பாற்றக்கூடியபடி எழுதத் தெரியும். 'விடியற்காலை அலைகளைக் கிழித்துக்கொண்டு போனோம்' என்று எழுதுவார். போனது லோர்னா. துடுப்புப் படகுச் சங்கத்தின் அறுபது வயதுப் பெண்கள் அணியில் மூன்றாம் இருக்கை அவளுடையது. காலை ஐந்தரைக்குப் போய், எட்டு மணிக்குத் தலையில் உப்போடும் கையில் யாரோ கொடுத்த பப்பாளியோடும் வருவாள். ஹார்லன் அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்பார்: "இன்னிக்கு ஆமை வந்துச்சா? எத்தனை? எந்தப் பக்கம்?" அவள் சொல்வாள். மாதக் கடைசியில் ஆமைகள் 'நம்மை' நெருங்கி வந்திருக்கும்.

அவரும் சங்க உறுப்பினர்தான். பயிற்சி முடிந்து வரும் படகுகளைக் குழாய் நீரால் கழுவுவார், தார்ப்பாயைக் கட்டுவார், காபி போடுவார். செப்டம்பர் கடிதத்தில் மட்டும் கொஞ்சம் எட்டிவைத்துவிட்டார். 'நாற்பதடிப் படகின் திசை இன்று முழுக்க என் கையில் இருந்தது' என்று எழுதினார். இருந்தது. இழுவை வண்டியில் ஏற்றிய படகை வாகன நிறுத்தத்தில் பின்னோக்கித் திருப்பியது அவர்தான்.

நவம்பரில் ட்வைட்டும் மார்லிஸும் வந்து இறங்கினார்கள்.

கழுத்தில் பூமாலை விழுந்த கையோடு ட்வைட் அவர் தோளில் ஓங்கி அடித்தான். "என்னப்பா கேப்டன், எப்படி இருக்கே?"

ஹார்லன் குனிந்து அவனுடைய பெட்டியைத் தூக்கினார். கேப்டனாமே. செப்டம்பர் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் குத்துகிறான்.

"இருக்கேன், இருக்கேன்" என்றார்.

"சனிக்கிழமை உங்க கிளப்புக்கு வர்றோம். லோர்னா சொன்னா, பயிற்சி இருக்காம். நீ தண்ணில என்ன பண்றேன்னு ஒரு தடவை பாத்துரணும்."

"அலை எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றார் ஹார்லன், அலையைப் பார்த்தே காலம் கழித்தவரைப் போல.

மறுநாள் மாலை சங்கக் கொட்டகைக்குப் போனார். கோச் லெய்மோமி மெதைரோஸ் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து துடுப்பின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொரு வயது. தீவில் பாதிப் பேரை அவள்தான் படகேற்றியிருக்கிறாள், மீதிப் பேரைத் திட்டியிருக்கிறாள். எல்லோருக்கும் ஆன்ட்டி.

"ஆன்ட்டி, சனிக்கிழமை ஆண்கள் அணியில ஒரு இடம் காலின்னு கேள்விப்பட்டேன்."

"காலிதான். நாலாவது. ஃபுஜிமோட்டோவுக்கு முட்டி வலி." துடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா, அங்கிள்?"

"நான்தான்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அவருடைய முழங்காலைப் பார்த்தாள். அவருடைய கடல் அங்கேதான் முடிகிறது என்பது சங்கம் முழுக்கத் தெரியும்.

"சும்மா உக்காந்துட்டு வந்துடறேன். கரையோரமா. பத்து நிமிஷம். துடுப்பு போடணும்னுகூட இல்ல."

"நல்ல பேச்சா இருக்கே. துடுப்பு போடாம உக்கார்றதுக்கு அது என்ன, பஸ்ஸா? மொதல்ல ஹூலி போடுங்க. ஹூலி போடாம என் படகுல என் புருஷனே ஏறினதில்ல."

ஹூலி என்றால் படகை வேண்டுமென்றே கவிழ்ப்பது. ஆறு பேரும் தண்ணீருக்குள் விழுந்து, மேலே வந்து, இருக்கை வரிசைப்படி எண்ணைக் கத்த வேண்டும். பிறகு படகைப் புரட்டி, ஏறி, நீரை இறைக்க வேண்டும். லோர்னா முதல் தடவை சிரித்துக்கொண்டே செய்தாளாம். ஹார்லன் அதை 'நம்முடைய கன்னிக் கவிழ்ப்பு' என்று மூன்று பத்தி எழுதியிருந்தார்.

"சனிக்கிழமை காலைல ஏழு மணி" என்றாள் கோச். "வெறும் வயித்துல வாங்க."

வெள்ளிக்கிழமை முழுக்க ஹார்லன் வானத்தைப் பார்த்தார். நல்ல மழை பெய்தால் ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து விரிகுடாவைப் பழுப்பாக்கும். உடனே, கடலில் இறங்காதீர்கள் என்று அரசாங்க எச்சரிக்கை வரும். தீவில் எல்லோரும் திட்டும் எச்சரிக்கை அது. ஹார்லன் அதற்காக, தேவாலயத்தில்கூட வேண்டாத அளவுக்கு வேண்டினார். உலகத்திலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றாக அந்தத் தீவின் மலையுச்சியைச் சொல்வார்கள். அன்று அது காய்ந்து கிடந்தது.

இரவு உணவின்போது லோர்னா மெதுவாகச் சொன்னாள்: "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடேன். யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க."

"யாரும்னா?"

"ட்வைட்."

"அவன் நினைப்பான். உனக்கு அவனைத் தெரியாது."

"என் தங்கச்சி புருஷன், ஹார்லன். நாப்பது வருஷமா தெரியும்."

ஹார்லன் முள்கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டு, தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கலாமா கூடாதா என்று யோசித்தார்.

சனிக்கிழமை காலை கடல் கண்ணாடியாகக் கிடந்தது. ட்வைட் கரையில் ஒரு மேசையில் உட்கார்ந்து, பன்றிக்கறித் துண்டு வைத்த சோற்றுக்கட்டிகளை அடுக்கிக்கொண்டு, கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தான். ஹார்லனுக்கு அந்தக் கைப்பேசி துப்பாக்கியைப் போலத் தெரிந்தது. ஐந்து கிழவர்களோடு நாலாம் இருக்கையில் போய் உட்கார்ந்தார். படகு இருபது துடுப்படி போனது. பின்னாலேயே ஒற்றையாள் படகில் வந்த கோச், "ரெடியா?" என்றாள். யாரும் அவரைத் தனியாகக் கேட்கவில்லை.

படகோடு பிணைத்திருந்த பக்க மிதவைக் கட்டை வானத்துக்கு எழும்பியது. அதற்குப் பிறகு வானம் இல்லை.

மூக்கு, காது, நினைவு எல்லாவற்றிலும் பசிபிக் புகுந்தது. கை எதையோ பிடித்தது, அது இருக்கை. கவிழ்ந்த படகின் வயிற்றுக்குள், இருட்டில், ஒரு சாண் காற்றில் அவர் முகம் வெளிவந்தது. கால்களை மடித்து மார்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடித் தொங்கினார். வெளியே குரல்கள் கேட்டன.

"ஒண்ணு!"

"ரெண்டு!"

"மூணு!"

நாலு என்பது தான்தான் என்று தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் கடல் உள்ளே வரும். ஹோல்ம்பெர்க் செய்தித்தாளில் தம்முடைய மரணச் செய்தி எப்படி வரும் என்று யோசித்தார். 'கடல் தன் தோழனை அழைத்துக்கொண்டது.' வாக்கியம் நன்றாகவே இருந்தது. 'தோழனை' என்பதற்குப் பதில் 'தளபதியை' என்று போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, படகின் முதுகில் யாரோ கதவைத் தட்டுவதுபோல மூன்று தட்டு தட்டினார்கள்.

"அங்கிள்" என்றது கோச்சின் குரல், அவசரமே இல்லாமல். "காலை நீட்டுங்க."

நீட்டினார். மணல் தட்டுப்பட்டது. வேகமாக எழுந்து நின்றதில் இருக்கைப் பலகையில் தலை மோதியது. குனிந்து, படகுக்கு வெளியே வந்து நிமிர்ந்தார். தண்ணீர் மார்பு வரைக்கும் இருந்தது. ஐந்து கிழவர்களும் சுற்றி நின்று, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல அவரைப் பார்த்தார்கள்.

"நாலு" என்றார் ஹார்லன்.

"சந்தோஷம்" என்றாள் கோச். "அஞ்சு, ஆறு, நீங்க சொல்லவேண்டாம். கண்ணுக்குத் தெரியுது."

கரைக்கு வந்தார். உள்ளே என்னவோ லேசாகியிருந்தது. மூன்றரை வருடமாக முழங்காலில் நின்ற கடல் மார்பைத் தொட்டுவிட்டது, அவர் சாகவில்லை. இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? லோர்னா துண்டை நீட்டினாள். அவர் நேராக ட்வைட்டின் மேசைக்குப் போய் எதிரே உட்கார்ந்தார்.

"படம் எடுத்தியா?"

"எடுத்தேன் எடுத்தேன்" என்று ட்வைட் கைப்பேசியைக் காட்டினான். திரையில் ஒரு சேவல் அவனுடைய சோற்றுக்கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தொடர்ந்து இரண்டரை நிமிடம் ஓடியது. "என்ன தைரியம் பாரு அதுக்கு."

"நான் கவுந்ததைப் பாக்கலையா?"

"கவுந்தியா? எப்ப?"

ஹார்லன் மூச்சை இழுத்துவிட்டார். சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது. இனி யார் தடுத்தாலும் நிற்காது. "ட்வைட், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் படகு ஓட்டினதில்ல. ஆமை, அலை, எல்லாம் லோர்னாவோடது. எனக்கு நீச்சலே சரியா வராது. அந்தக் கடிதத்துல எழுதினது எதையும் நான் பண்ணல."

"எந்தக் கடிதம்?"

"பெருங்கடல் மடல். மாசாமாசம்."

ட்வைட் மார்லிஸைப் பார்த்தான். மார்லிஸ் கடலைப் பார்த்தாள். லோர்னா துண்டை உதறினாள், அதில் மணல் இல்லாதபோதும்.

"ஓ, அதுவா" என்றான் ட்வைட். "நல்லா இருக்குன்னு மார்லிஸ் சொன்னா."

"நான் எப்ப சொன்னேன்?" என்றாள் மார்லிஸ். பிறகு மனசு கேட்காமல், "நாலு பக்கமாச்சே, ஹார்லன். படம் ஏதாவது இருக்கான்னு பாப்பேன். ஒரு தடவை தெரியாத்தனமா செருப்புல பூஞ்சை பூத்த படம் ஒண்ணு அனுப்பிட்டியே, அது அழகா இருந்துச்சு."

"அப்ப, கேப்டன்னு கூப்பிட்டியே?"

"நான் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்கு முடி வெட்றவனையும்."

"தேவாலயத்துல பலகையில குத்திவெக்கிறாங்களே?"

"குத்திவெப்பாங்க" என்று மார்லிஸ் உற்சாகமாக ஒப்புக்கொண்டாள். "கூட்டு விருந்துக்கு யார் யார் என்ன கொண்டுவர்றோம்னு அதுலதான் எழுதுவோம். பின்பக்கம் காலியா இருக்குமில்ல?"

ஹார்லன் தலையைச் சாய்த்தார். காதிலிருந்து பசிபிக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கோச் தூரத்திலிருந்து, அடுத்த சனிக்கிழமையும் ஃபுஜிமோட்டோவுக்கு முட்டி வலிதான் என்று கத்தினாள்.

அந்த மாதக் கடைசியில் நாற்பத்திரண்டாவது மடலை எழுத அவருக்கு மூன்று நாள் பிடித்தது. ஜெர்மன் அம்மாளின் துண்டு, வெங்காயம், வாகன நிறுத்தம், படகின் வயிற்றுக்குள் இருட்டு, மார்பளவு தண்ணீர் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. 'நாம்' என்ற சொல்லை ஓர் இடத்திலும் போடவில்லை. லோர்னா அடித்தல் திருத்தலோடு வாங்கிப் படித்தாள்; இரண்டு இடத்தில் சிரித்தாள், ஓர் இடத்தில் நிறுத்தி அவருடைய கையை ஒருமுறை பிடித்துவிட்டு விட்டாள். ஒரு மனிதன் தன்னைப் பற்றித் துணிந்து எழுதிய முழு உண்மையாக அது நூற்று நாற்பத்திரண்டு முகவரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதையும் யாரும் படிக்கவில்லை.