சம்பந்தி வீட்டில் தூங்கியவர்

சம்பந்தி ஆகப்போகிறவரின் வீட்டில் ஷேக் பரீது தூங்கிப்போனது பகல் பதினொன்றரை மணிக்கு. கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கும் ஹாஜா மைதீன், தன் மகன் ஷாகிர் படித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்.கே.ஜி.யில் ஆரம்பித்து வகுப்பு வகுப்பாக ஏறி, பாலிடெக்னிக் வாசலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது எதிர் சோபாவில் குறட்டை கேட்டது. ஷேக் பரீதின் கையில் இருந்த அல்வாத் தட்டு மட்டும் இம்மியும் சாயவில்லை.

மனைவி சாரா முழங்கையால் ஒரு இடி இடித்தாள். விழித்தவர், "மாவு உப்பிருச்சா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். மாப்பிள்ளை வீட்டில் யாரும் எதையும் தப்பாக நினைக்கவில்லையாம். பெண்ணின் அத்தாவுக்கு அது வியாதியா, இல்லை ஏதாவது பழக்கமா என்று மட்டும் தெரிந்தால் போதுமாம்.

இரண்டும் இல்லை. ரியாத்தில் ஒரு ரொட்டிக் கடையில் இருபத்திரண்டு வருடம் ராத்திரி வேலை பார்த்தவர் அவர். ஒன்பது மணிக்கு அடுப்படியில் நின்றால் விடிகிற வரைக்கும் குப்பூஸ் ரொட்டி சுட வேண்டும். அறந்தாங்கிக்கு ஒரேயடியாகத் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. ராத்திரி பதினொரு மணிக்குமேல் அவருடைய கண்கள் நன்றாகத் திறந்துகொண்டன. பகலில் முடிவெட்டும் நாற்காலியிலும், கரண்டு பில் கட்டும் வரிசையிலும், ஒருமுறை பள்ளிவாசலில் ஜும்மா பயானின்போதும் மூடிக்கொண்டன.

தரகர் போன மறுநாளே சாரா அவரை அரசு ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சத்யபிரியாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும்.

"பகல்ல தூங்குவீங்களா பாய்?"

"தூங்குறதில்ல டாக்டர். சும்மா கண்ணு மூடிக்கும்."

"எவ்வளவு நேரம் மூடியிருக்கும்?"

"அஞ்சு மணி நேரம்" என்றாள் சாரா.

டாக்டர் அமுக்கரா சூரணம் எழுதினார். படுப்பதற்கு அரை மணி முன்னால் வெதுவெதுப்பான பாலில் கலந்து குடிக்க வேண்டும். "மருந்து கால்வாசி வேலைதான் பார்க்கும் பாய். மிச்சத்த நீங்கதான் பார்க்கணும்" என்றார். பகல் தூக்கம் கூடாது. நாலு மணிக்குமேல் டீ கூடாது. காலை வெயிலில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். எட்டு மணிக்குள் ராச்சாப்பாடு முடிந்துவிட வேண்டும். படுக்கிற அறைக்குள் ஃபோன் வரவே கூடாது.

ஷேக் பரீதுக்கு இது பிடித்திருந்தது. மேலே ஒருவர் இருந்து, இன்ன நேரத்துக்கு இன்னது என்று சொல்வது அவருக்குப் பழகின விஷயம். பகல் காவலுக்கு மகள் ரூமானா பொறுப்பேற்றாள். அவருடைய தலை சரியத் தொடங்கினால், "அத்தா, பூண்டு" என்பாள். அவர் எழுந்துபோய்ப் பூண்டு உரிப்பார். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் மூன்று மாதத்துக்கு வேண்டிய பூண்டு சேர்ந்துவிட்டது.

விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டுச் சொர்ணம் ஒரு பை நிறைய மருதாணிப் பூவோடு வந்தாள். "தலைகாணிக்குள்ள வச்சுத் தச்சுருங்கண்ணே. படுத்ததும் அசந்துருவீங்க." தைத்தார்கள். ராத்திரி முழுக்க நல்ல வாசம் வந்ததாக மறுநாள் காலையில் அவர் சொன்னார்.

அடுத்த நாள் சாரா பாலில் எதையோ அரைத்துக் கலக்கினாள். என்னவென்று கேட்டார்.

"கசகசா."

ஷேக் பரீது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். சவுதியில் கசகசாவும் போதைப்பொருள் கணக்குதான். அங்கே அவரோடு அறையில் தங்கியிருந்த ஒருத்தர், ஊரிலிருந்து குருமாவுக்கென்று இருநூறு கிராம் கசகசா கொண்டுவந்து ஏர்போர்ட்டிலேயே மாட்டிக்கொண்டவர்.

"எங்க வாங்குன?"

"மளிகைக் கடையில."

"வெளியில தெரியவே விக்கிறானா?"

"மச்சான், இது அறந்தாங்கி" என்றாள் சாரா. அன்று ராத்திரி அவர் பால் குடிக்கவில்லை. எழுதிக் கொடுத்த மருந்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று அதோடு முடிவானது.

ஒன்பதாம் நாள் பூண்டை எடுத்து வைத்தபடி ரூமானா கேட்டாள். "அத்தா, அவங்கள்ட்ட நீங்களே நேர்ல போய் உள்ளதச் சொன்னா என்ன?"

அவளுக்கு ஷாகிரைப் பிடித்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

பஸ்ஸில் பாதிக்குமேல் இடம் கிடந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சீட்டுதான் கெடக்கே பாய், உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"உக்காந்தா தூங்கிருவேன்."

"தூங்குங்க. கோட்டைப்பட்டினம் வந்தா நான் எழுப்பிவிடுறேன்."

"டாக்டர் கூடாதுன்னுட்டாங்க." ஷேக் பரீது கோட்டைப்பட்டினம் வரைக்கும் நின்றுகொண்டே போனார்.

ஹாஜா மைதீனிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. "நான் குடிக்கிறதில்ல. போதை மாத்திரையும் போடுறதில்ல. இருபத்திரண்டு வருசம் ராத்திரியில ரொட்டி சுட்டேன். ஒடம்பு இன்னும் ஊருக்கு வந்து சேரல. வைத்தியம் நடக்குது. எம்புள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க."

"நான் பேசுறதக் கேட்டுத் தூங்கிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் ஹாஜா மைதீன். "எங்க வீட்டுலயும் எல்லாரும் அப்படித்தான்."

மனசு லேசாகி அவர் பேச ஆரம்பித்தார். பாலிடெக்னிக்கில் விட்ட இடத்திலிருந்து எடுத்து, ஷாகிரின் வேலை, ஐஸ் உருகும் கணக்கு, மீன்பிடித் தடைக்காலம் எல்லாம் சொன்னார். ஒன்றரை மணி நேரம். ஷேக் பரீது கண்ணைக்கூட இமைக்காமல் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமையே தேதி குறித்துவிட்டார்கள்.

மூன்றாம் வாரத்தில் அவர் ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினார். டாக்டர் சீட்டில் அதைக் குறித்துக்கொண்டு, வெறும் மரியாதைக்குத்தான், சாரா பக்கம் திரும்பினார்.

"நீங்க நல்லாத் தூங்குறீங்களாம்மா?"

சாரா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "இவங்க வந்ததுலேர்ந்து இல்லைங்க டாக்டர். பக்கத்துல ஆள் படுத்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. பழக்கமில்ல."

"ஆறு மாசமாவா?" என்றார் ஷேக் பரீது. "நீ தூங்குறன்னுல்ல நெனச்சேன்."

"நீங்க நெனைக்கணும்னுதான் அசையாமக் கெடந்தேன்."

ஆட்டோவில் அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். ரியாத்தில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் அவளோடு கழித்த லீவு நாட்களை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு வருடத்தைத் தாண்டவில்லை. வீட்டு வாசலில் இறங்கியபிறகு, "எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னா திரும்பக் கெளம்பிருவீங்களோன்னு பயம்."

அவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே கடைத்தெருவுக்குப் போய், இன்னொரு கட்டில் வாங்கி வந்தார். அறையின் இந்தச் சுவரோரம் ஒன்று, அந்தச் சுவரோரம் ஒன்று. நடுவில் ஆறடி. சாராவுக்கும் சூரணம் எழுதிக் கொடுத்த டாக்டர், வாரத்துக்கு ஓரடி நெருக்கிப் பார்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஷேக் பரீது டேப் வைத்து அளந்து கட்டிலை நகர்த்தினார். நான்காவது அடி நெருங்கியபோது சாரா இரண்டு நாள் விழித்துக் கிடந்தாள். மறுபடி ஓரடி தள்ளிப் போட்டார்கள்.

நிக்காஹுக்கு முந்தின நாள் சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். பெரியவர்களுக்கென்று இரண்டு கட்டிலையும் ஹாலுக்குத் தூக்கிப் போனார்கள். பாத்திரங்களும் அரிசி மூட்டைகளும் கிடந்த சின்ன அறையில் அவர்கள் இருவருக்கும் மிஞ்சியது ஒரே ஒரு பாய் விரிக்கும் இடம். அன்றைக்குச் சூரணம் குடிக்க இருவருக்கும் ஞாபகமில்லை.

ரூமானா மருதாணிக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முழங்கையால் கதவை இடித்தபோது காலை மணி ஏழேகால்.

"உம்மா, பிரியாணிக்காரர் அரை மணி நேரமா கேட்டுல நிக்கிறாரு. எத்தனை படி அரிசி போடணும்னு கேக்குறாரு."

உள்ளே இருந்து பதிலுக்கு இரண்டு குறட்டைதான் கேட்டது. அவள் இன்னொரு முறை இடித்தாள்.