இன்னும் ஒரு பல்லு

பாட்டிலைச் சாய்த்ததும் டிரெய்லரின் இடது சக்கரத்தில் விழுந்த தண்ணீர் சுரீரென்று பொரிந்து ஆவியாகப் போனது. வலது சக்கரத்தில் ஊற்றியது மரியாதையாக வழிந்து தரைக்கு வந்தது.

"இடது மட்டும்தாம்பா கொதிக்குது," என்றான் மகன் போனில்.

"ரெண்டும் கொதிச்சா, கோளாறு முன்னாடி, இழுக்குற வண்டியில மாட்டுற கொக்கியில. ஒண்ணு மட்டும்னா அந்தச் சக்கரத்துக்குள்ளயே," என்றார் அப்பா. வாக்கியத்துக்கு நடுவில் போய் மூச்சைத் தேடிப் பிடித்து வந்தார்.

டிரெய்லரில் இருந்தது ஒரு கட்டில். கைப்பிடியைச் சுழற்றினால் தலைமாடு உயரும். படுத்தால் மூச்சு அடைக்கிறதென்று அப்பா சில நாட்களாக நாற்காலியிலேயே தூங்குகிறார். இனி வைத்தியமில்லை, வீட்டில் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனால் செய்ய முடிந்தது இந்தக் கட்டில் ஒன்றுதான். அதுவும் பாதி வழியில் புகைந்துகொண்டு நின்றுவிட்டது.

அப்பா ஆயுள் முழுக்க டிரெய்லர் பிரேக் பார்த்தவர். ஒருமுறை பூட்டிக்கொண்ட சக்கரங்கள் ரோட்டில் இழுத்த கறுப்புக் கோடுகள் அத்தனை நேராக இருந்ததால், அரசாங்கமே அதை அளந்துதான் நடுவில் வெள்ளைக் கோடு போட்டதாம். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், மழையில் அழிந்துவிட்டது என்பார்.

போன் கை மாறியது. செருப்புச் சத்தம் சமையலறைக்குள் போனது.

"டேய்," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "கட்டில் வேணாம். டிரெய்லரக் கழட்டிப் போட்டுட்டு நீ மட்டும் வந்துடு."

"ஏன்க்கா?"

அக்கா குழாயைத் திறந்தாள். மூடினாள்.

அவன் கொக்கியிடம் குனிந்தபோது, "ஏம்மா, போனை இங்க குடு," என்று தூரத்தில் அப்பாவின் குரல் கேட்டது.

"கொக்கியில கைய வச்சியா?"

"இல்லப்பா."

"வச்சிருப்ப. ரோட்டுல வண்டிய விட்டுட்டு வர்றவனுக்கு நான் கதவு திறக்க மாட்டேன்."

கதவு வரைக்கும் அவரால் நடக்க முடியாது.

வலது சக்கரம் உருளாமல் கல் கொடுத்து, இடது பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினான். ஹேண்ட்பிரேக் கேபிளை அவிழ்த்துவிட்டான். சக்கரம் அசையவில்லை என்று சொன்னான்.

"அப்போ கேபிள் மேல தப்பில்ல. நேத்து பிரேக்கை முடுக்கினது யாரு?"

"நான்தான். கட்டில் ஏத்துறோமே, நல்லாப் புடிக்கட்டும்னு..."

"புடிக்கச் சொன்னா, கல்யாணமே பண்ணி வச்சிருக்க. பின்னாடி ரப்பர் மூடி இருக்கு பாரு, அதுக்குள்ள பல் சக்கரம். ஆறட்டும். ஆறினதும் தளர்த்து."

சூடு ஆறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். லாரிகள் போயின. போனில் மூச்சு மட்டும் வந்தது.

"நான் தளர்த்தின சக்கரத்தக் காலையில சுத்திவிட்டா," என்றார் அப்பா திடீரென்று, "சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சுப் பாத்தா... சுத்திட்டே இருக்கும்."

"தெரியும்பா."

"நம்பலையே நீ."

ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பினான். முதல் பல் பிடிவாதம் பிடித்து, பிறகு 'டக்'கென்று நகர்ந்தது.

"போனைக் கிட்ட வை. சுத்து."

சுற்றினான்.

"உரசுது. இன்னும் ஒரு பல்லு."

தளர்த்தினான். உரசல் மெலிந்தது.

"இன்னும்..."

இன்னும் ஒரு பல் தளர்த்திச் சுற்றிவிட்டான். சத்தமே இல்லை.

"இப்ப எப்படிப்பா?"

ஒரு லாரி கடந்து போனது. அது போகட்டும் என்று காத்திருந்து மறுபடி கேட்டான்.

"அப்பா?"

"கேட்டுட்டுதான்டா இருந்தாரு," என்றாள் அக்கா. "போன் அவர் காதுலதான் இருக்கு. எடுத்துடவா?"

"இருக்கட்டும்க்கா."

கை வைத்தால் சக்கரம் நின்றுவிடும். கிரீஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அது சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா சொன்ன அளவுக்கு இல்லைதான்.