வேணுகோபாலுக்கும் ஒரு பகடை

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. [‘அவமானத்தில்’ என்று எழுதி அடித்தேன்.] வேதாசலம் என்பது மாற்றுப் பெயர். உண்மைப் பெயரைப் போட்டால் சிக்கந்தராபாத்தில் பாதிப்பேருக்கு அந்தக் குடும்பம் எதுவென்று தெரிந்துவிடும்.

2

முதல் தொடக்கம்: ‘பீரங்கிகள் முழங்க, பாலத்தின் மேல்...’

வேண்டாம். எதுவும் முழங்கவில்லை. ஹப்சிகுடாவில், ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை ஆடினார்கள். எது நடக்கும் என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை சொல்லும். நடத்தியவள் வேதாசலத்தின் பேத்தி அக்ஷதா. அன்று பெரிய போர். மேசை முழுக்கச் சட்டைப் பொத்தான்கள். நான்கு பச்சைப் பொத்தான்களுக்கு அருகே ஒரு சீட்டில் ‘வேணுகோபால்’ என்று தன் அப்பாவின் பெயரைக் கண்டு வேதாசலம் நின்றார்.

“கொள்ளுத்தாத்தா சண்டை போட்ட பர்மா பாலம்தான் இன்னிக்கு,” என்றாள் அக்ஷதா. “ஒரு பொத்தான் பத்துப் பேர், தாத்தா. நானூறு பேருக்கும் தனித்தனியா டைஸ் போட்டா அடுத்த போனாலு பண்டிகையே வந்துடும்.”

வேதாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அரை மணியில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் போயின.

“பாதி ஆள் போயாச்சு. இப்ப ஓடறாங்களா, நிக்கறாங்களான்னு ஒரு டைஸ்.”

“அவருக்கு வேணாம். அவர் ஓடறவர் இல்ல.”

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் அங்கிள்,” என்றான் அமீர்பேட்டிலிருந்து ஆட வந்த ரஞ்சன். “என் கர்னலே போன வாரம் ஓடினாரு. இப்ப ஆடு மேய்க்கறாரு.”

அக்ஷதா தயங்கினாள். “நீங்கதானே தாத்தா சொன்னீங்க, பாலத்துலேர்ந்து திரும்பிட்டார்னு? அதான் தைரியம் கம்மியா போட்டேன்.”

வேதாசலம் மேசையைத் தட்டினார்.

“திரும்பினார்னா உயிரோட வீடு வந்து சேர்ந்தார்னு அர்த்தம். முதுகு காட்டினார்னு இல்ல.”

“ஹவ், அப்படியா? சாரி தாத்தா.” அவள் சீட்டில் இருந்த எண்ணை அடித்தாள். பிறகு பொத்தான்களைப் பார்த்தாள். “அப்ப நிஜத்துல அவர்கூடப் போன மத்த முப்பத்தொம்பது பேரும் திரும்பினாங்களா?”

[இங்கே ‘அவர்கள் எல்லோரும்’ என்று தொடங்கினேன். வாக்கியம் முடியவில்லை.]

“அப்பா மட்டும்தான்,” என்றார் வேதாசலம்.

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தபோது அவர் மீதமிருந்த பச்சைப் பொத்தான்களைப் பார்த்தார்.*

* ‘திரும்பிட்டார்’ என்பது அவருடைய அம்மா சொன்ன சொல். வேறு எதுவும் அவள் சொன்னதில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அவர் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எப்படித் திரும்பினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

3

முடிவு ஒன்று: பகடை பெரிதாக விழுகிறது. வேணுகோபால் நின்றார்.

முடிவு இரண்டு: [கிழித்துவிட்டேன்.]

நடந்தது இவ்வளவுதான்.

“நின்னார்னே வெச்சுக்கலாம் தாத்தா,” என்றாள் அக்ஷதா மெதுவாக. “டைஸ் வேணாம்.”

அந்தச் சலுகைதான் அவரை அறைந்தது.

“எங்கப்பாவுக்கு யாரும் பாஸ் மார்க் போட வேணாம். எவ்வளவு விழணும்?”

“பன்னெண்டுக்கு மேல.”

வேதாசலம் உருட்டினார். பகடை ரஞ்சனின் தண்ணீர் பாட்டிலில் இடித்து நின்றது. யாரும் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் மூடினார்.

“கையை எடுங்க தாத்தா.”

மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். கை மேசையை விட்டு எழவில்லை. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம், தடுக்க மாட்டேன். எண்ணை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.