பிதாவோடு பிணக்கம்

தேங்காய்ப்பட்டணம் மீன்சந்தையில் செசிலியின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. கடவுளே ஆனாலும் அவளுக்கு நியாயம் நியாயம்தான். அவளுடைய அம்மை ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் பரலோகத்துப் பிதாவிடம் முட்டி தேய மன்றாடினாள். அம்மை போய்விட்டாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "இனி உமக்கும் எனக்கும் பேச்சில்ல" என்று பிதாவோடு பிணக்கம் போட்டாள். அது ஆயிற்று இரண்டு வருஷம்.

பிணக்கம் என்றால் அந்தக் கரையில் முறைப்படி நடக்கிற காரியம். ஆளோடு நேராகப் பேசக்கூடாது. சொல்ல வேண்டியதை இன்னொருவரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். செசிலி முறை தவறவே இல்லை. சிலுவை போடும்போது நெற்றியில் கை தொடும், "பிதா" என்று சொல்ல வாய் திறக்காது. கை நெஞ்சுக்கு வந்த பிறகுதான் "சுதன்" என்று சத்தம் வரும். பாக்கிப் பேச்செல்லாம் ஏசுவிடம். "ஏசுவே, உம்ம அப்பாட்ட சொல்லும், இந்த மழை நிக்கலேன்னா கருவாடு மொத்தமும் புழுத்துப்போவும். அவருக்கென்ன, மேல இருக்காரு!" சாவியைக் காணவில்லையா, வார்த்தை முட்டுகிறதா, அதற்குப் பரிசுத்த ஆவி. இரண்டு பேரோடும் அப்படி ஒரு ஒட்டுதல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியைக் குடைசாய்த்தவன் அவள் புருஷன் ஜான்ரோஸ். அவள் தங்கச்சி பிரிஜா, தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம், அக்காதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இந்த மனுஷன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "அதுக்கென்ன, நிப்பா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

செசிலி யோசித்துப் பார்த்தாள். ஞானத்தாயிடம் பங்குச் சாமியார் கோயிலில் வைத்து எல்லார் முன்னாலும் கேட்பார், தந்தையாகிய கடவுளை நம்புகிறீர்களா என்று. விசுவாச அறிக்கையில் முதல் கேள்வியே அதுதான். பேச்சே நின்றுபோன ஆளை நம்புகிறேன் என்றால் பச்சைப் பொய். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்வதா? இல்லை என்றால் பிரிஜா செத்தாலும் மன்னிக்கமாட்டாள். காரணத்தை வெளியே சொல்லவும் வெட்கம். ஆகவே வியாழக்கிழமை முதல் ஜான்ரோஸோடும் பிணக்கம்.

நாகர்கோவிலில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ரெஜிஷாதான் நடுவே கிடந்து அல்லாடினாள். "உங்கப்பாட்ட சொல்லு, சோறு ஆறுது." "உங்கப்பாட்ட சொல்லு, அந்தச் சட்டைய ஊறப்போட." ஜான்ரோஸ் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பான். ரெஜிஷா பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்லுவாள்.

சனிக்கிழமை காலையில் செசிலி அடுப்படியில் நின்று சத்தம் போட்டாள். "ஏட்டி, உங்கப்பாட்ட சொல்லு, மீன்கறிய நல்லா அள்ளிக் கொட்டித் திங்கட்டும்! ஆளு மெலிஞ்சு பெருக்குற வாரியலு மாதிரி ஆயாச்சு!"

ஜான்ரோஸின் குரல்தான் வந்தது. "அவ டூட்டிக்குப் போயி ஒரு மணிக்கூறு ஆச்சு. நீ யாருட்ட பேசுதே?"

செசிலி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மூணு நாளா கேட்டுட்டுதான் இருக்கேன்," என்றான் அவன், சிரிப்பை அடக்கமாட்டாமல். "இதுக்குப் பேரு பிணக்கமா, ஏட்டி? விடிஞ்சா அடைஞ்சா உனக்கு எங்கிட்டதான் பேச்சு. சும்மா இருந்த காலத்துல நீ எங்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல!"

"போவும் ஓய்!" என்றாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக ஏசுவிடம் சொல்லி அனுப்பியதெல்லாம் எங்கே போயிருக்கும்? ரெஜிஷாவாவது பாதியை விழுங்குவாள். அந்த மகன் அப்படிப்பட்ட ஆளா? அப்பாவும் மகனும் ஒன்று என்று வேதபாட வகுப்பில் அவளே வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்திருக்கிறாளே! ஒரு வார்த்தை சிந்தாமல் கொண்டு சேர்த்திருப்பார், அத்தனை ஏச்சையும் சேர்த்து.

"ஏசுவே!" என்று தலையில் கைவைத்தாள். "எல்லாத்தையுமா சொன்னீரு?"

மறுநாள் கோயிலில் தங்கச்சி பிள்ளை ஸ்டெனி செசிலியின் தோளில் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தான். சாமியார் கேள்வியைத் தொடங்கினார். "விண்ணையும் மண்ணையும் படைத்த எல்லாம் வல்ல தந்தையாகிய..."

"நம்புகிறேன்!" என்றாள் செசிலி.

சாமியார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். கோயில் முழுக்கச் சிரித்தது. ஜான்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அப்படி முந்த நினைத்திருக்கவில்லை, நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. அதைப் புரட்டிவிட்டது யாரென்று அவளுக்குத் தெரியும். வார்த்தை முட்டினால் பரிசுத்த ஆவியைத்தானே இத்தனை நாளும் கூப்பிட்டாள்.

சாமியார் பிள்ளையின் தலையில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதென்று செசிலி வாய்விட்டே பேசினாள். நேராகப் பிதாவிடமே, நடுவில் ஆள் இருக்கிறாரென்ற நினைப்பே இல்லாமல்.

"அப்பா, எங்கம்மைக்கு முட்டுவலி உண்டு. அங்க படியேற விட்டுராதேயும்."

இதை மட்டும் அவள் இரண்டு வருஷமும் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை.