கழுவிய தேதி

ஊரின் குடிநீர்த் தொட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வாந்தி எடுத்தது. நான்கு சிமெண்டுக் கால்களில் நிற்கும், முப்பதாயிரம் லிட்டர் பிடிக்கும் அந்தத் தொட்டி முதலில் இரண்டு தடவை குலுங்கியது. பிறகு மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு, கறுப்பாக, கொழகொழவென்று, பத்துக் குடம் அளவுக்குக் கக்கியது. அதில் பாசி இருந்தது, புறா இறகுகள் இருந்தன, ஒரு பல்லியின் பாதி உடம்பு இருந்தது. கீழே குழாயடியில் வரிசையாக நின்ற பெண்கள் குடங்களை இரண்டடி தள்ளி வைத்துக்கொண்டார்கள். "வயித்தப் பொரட்டுது போல, பாவம்" என்றாள் முதலில் நின்றவள். தொட்டி அடங்கியதும் குழாயைத் திறந்து, வந்ததைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். வாந்தி எடுத்த வயிற்றிலிருந்து வருகிற தண்ணீர் என்று ஒருசிலருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அடுப்பில் உலை காய்ந்துகொண்டிருந்தது.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவரை ஊர் தேதிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும், கழுவிய தேதியையும் அடுத்துக் கழுவப்போகும் தேதியையும் தொட்டியின் காலில் எழுத வேண்டும் என்பது விதி. தொட்டி கட்டிய நாள்முதல் இந்தப் பதினொரு வருடங்களில் இரண்டாவது வேலையை அவர் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. சிவப்புப் பெயிண்டில், மெல்லிய பிரஷ்ஷால், கோடு பிசகாமல் எழுதுவார். பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிவந்து, எண் என்றால் இப்படி எழுத வேண்டும் என்று காட்டியிருக்கிறார். முதல் வேலையை அவர் ஒரே ஒரு முறை முயன்று பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த மாதம் ஏணியில் ஏறி மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு காக்கை செத்து ஊறிக்கிடந்தது. மூடியைச் சாத்திவிட்டு இறங்கி வந்து தேதி எழுதினார். அதற்குப் பிறகு ஏறவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். செத்த காக்கையை எழுத்தில் மறைத்தவர் இவர் ஒருவர்தான்.

அருவருப்பு என்று ஒன்று அந்த ஊரில் இருந்ததென்றால் அது அவர் ஒருவரிடம்தான் இருந்தது. தன் வீட்டுக்கான தண்ணீரை, அது தொட்டிக்கு ஏறுவதற்கு முன்பே, மோட்டார் அறைக் குழாயில் பிடித்துவிடுவார். அவருடைய மனைவியும் மகளும் ஒருநாள்கூட வயிற்றுவலி என்று படுத்ததில்லை. மற்ற வீடுகளில் மழைக்காலம் வந்தால் பேதியும் வந்தது. சில வருடம் ஒரு குழந்தை போனது, சில வருடம் இரண்டு, மூன்று. ஊர் நர்ஸம்மா சோப்பும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு தொட்டியடிக்கு வந்து தேதியைப் பார்ப்பார். போன வெள்ளிக்கிழமைதான் கழுவியதாக இருக்கும். "தொட்டி சுத்தமாத்தான் இருக்கு. நீங்கதான் கையக் கழுவ மாட்டேங்கறீங்க" என்று பெற்றவளைத் திட்டிவிட்டுப் போவார்.

தேதிக்காரரின் மகளை இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மறுநாள் காலை அவர் மோட்டார் தண்ணீர் ஒரு குடம் சுமந்துகொண்டு போய் மகள் வீட்டு வாசலில் நின்றார். மூன்று நாள் பொறுத்த மருமகன் நான்காம் நாள் குடத்தை வாங்கவில்லை. "பொண்டாட்டிக்குத் தண்ணிகூட ஊத்த வக்கில்லாதவன்னு ஊர் பேசணுமா மாமா?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் தொட்டியைக் கழுவாத அத்தனை வருடத்தையும் சொல்ல வேண்டும். அவர் குடத்தைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். அந்த வீட்டில் ஒரு பேரன் பிறந்து, பத்து மாதமாகி, தவழ ஆரம்பித்திருந்த நேரத்தில்தான் தொட்டிக்கு உடம்புக்கு முடியாமல் போனது.

புதன்கிழமையும் வாந்தி எடுத்தது, வியாழக்கிழமையும் எடுத்தது. நாளுக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான்காம் நாள் வந்தது நான்கு வருடத்துக்கு முந்தைய குப்பை. அதில், காக்கை தூக்கிக்கொண்டு போன தன் எவர்சில்வர் ஸ்பூனை ஒருத்தி அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டாள். அதே குழாயில் கழுவி, அன்றைக்கே குழந்தைக்கு மருந்து ஊட்டினாள். பொறியாளர் வந்து தட்டிப் பார்த்து, விரிசல் என்றால் தன் வேலை, வாந்தி என்றால் டாக்டர் வேலை என்று கிளம்பிவிட்டார். சுகாதார நிலையத்து டாக்டர் தெர்மாமீட்டரைச் சுவரில் வைத்துப் பார்த்தார். நூற்றிரண்டு டிகிரி காட்டியது. ஓ.பி. சீட்டில் வயது பதினொன்று என்று எழுதியதால் குழந்தைகள் பிரிவில் பதிந்தார்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொன்னார். இரண்டு மூட்டைச் சர்க்கரையை மேலே கொண்டுபோய், மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டினார்கள். அன்று தண்ணீர் தித்தித்தது என்று ஊரே ஆளுக்கு இரண்டு குடம் அதிகமாகப் பிடித்தது.

தேதிக்காரருக்கு மட்டும் கணக்குப் புரிந்திருந்தது. பதினோராம் நாள் காக்கை வரும். அதற்கு முன்பே, ஒன்பதாம் நாள், பேரனுக்குப் பேதி கண்டது. பத்தாம் நாள் காலையில் சுகாதார நிலையத்தின் கட்டிலில் குழந்தை கண் குழிந்து கிடந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால், கிள்ளிய இடம் அப்படியே நின்றது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. மகள் குழாயடியில் பிடித்துவந்த பாட்டிலிலிருந்து ஸ்பூனில் தண்ணீர் எடுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்த தேதிக்காரர் அதைத் தட்டிவிட்டார்.

"அத குடுக்காதம்மா. தொட்டிய நான் ஒருநாளும் கழுவுனதில்ல."

மருமகனுக்குப் புரியவில்லை. "போன வெள்ளிக்கிழமைன்னு எழுதியிருக்கீங்களே மாமா?"

"எழுதினேன். எழுதறது மட்டும்தான் செஞ்சேன்."

மகள் கீழே விழுந்த ஸ்பூனை எடுத்தாள். "அப்ப நம்ம வீட்டுல மட்டும் ஏன்பா மோட்டார் தண்ணி?" என்று கேட்டாள். ஊசி போட வந்த நர்ஸம்மா ட்ரேயை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பத்தொம்பது பேருய்யா. பத்தொம்பது அம்மாங்ககிட்ட, நீ கை கழுவாததாலதான் உன் குழந்தை போச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். அவர் குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் தேதிக்காரருக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

"போய் ஏறுங்க" என்றாள் மகள்.

ஏறினார். வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே இறங்கியபோது சேறு முழங்காலுக்கு மேல் வந்தது. சுவர் முழுவதும் சளிபோல் ஏதோ படிந்திருந்தது, தேய்க்கத் தேய்க்கத் தோல் தோலாக உரிந்தது. மூன்று தடவை அவரே வாந்தி எடுத்தார், அதையும் அவரே அள்ளினார். இரண்டு நாள் தேய்த்தார். சளி சிந்திவிடும்போது அம்மா கையில் முகத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளை மாதிரி தொட்டி ஆடாமல் நின்றது. பதினோராம் நாள் அது எதையும் கக்கவில்லை. அடிச்சேற்றில் கிடந்த காக்கையின் எலும்புகளை அவர்தான் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். தொட்டியின் காய்ச்சல் அன்றே விட்டது. மோட்டார் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்த மூன்றாம் நாள் பேரன் மூத்திரம் போனான், கண்ணீரோடு அழுதான். அந்தக் கண்ணீரைப் பார்த்துத் தையல்காரர் சிரித்தார்.

ஊர் தேதிக்காரரை அடிக்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால் இந்த ஊரின்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். விஷயம் தெரிந்த அன்று சிலர் காறித் துப்பினார்கள், சிலர் குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். பத்தொன்பது வீடுகளில் மட்டும் அன்று அடுப்பு எரியவில்லை. ஒரு மாதத்தில் எல்லாம் ஆறிப்போனது. அவருடைய வேலை போனது. எடுத்துக்கொள்ள வேறு யாரும் முன்வராததால் சாவி மகளிடம் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, பிளீச்சிங் பவுடரும் துடைப்பமுமாக அவள் மேலே ஏறுகிறாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது அப்பாதான். "பிடிங்க", "விடுங்க" என்பதைத் தவிர அவரிடம் அவள் எதுவும் பேசுவதில்லை. தொட்டியின் காலில் இருந்த சிவப்பு எழுத்துகளை முதல் நாளே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டாள். புதிதாக எதுவும் எழுதவில்லை.

அதில்தான் வினை வந்தது. தேதி இல்லாத தண்ணீரை எதை நம்பிக் குடிப்பது என்று ஊர் கேட்டது. ஐம்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். அந்தப் பத்தொன்பது வீட்டாரில் சிலரின் கையெழுத்துகளும் அதில் இருந்தன. ஊர் அலுவலக எழுத்தர் அவளைக் கூப்பிட்டு, "ஒரு தேதிதானம்மா, போட்டுட்டுப் போயேன்" என்றார். "நம்பிக்கை இல்லாதவங்க ஏறி வந்து உள்ள பாக்கட்டும்" என்றாள் அவள். ஒருவரும் ஏறவில்லை. தண்ணீர் வேறு சப்பென்று இருக்கிறது, பழைய ருசி இல்லை என்று பேச்சு வந்தது. இப்போது பாதி ஊர் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்த் தொட்டிக்குப் போய்வருகிறது. அங்கே நீலப் பெயிண்டில், தள்ளி நின்று பார்த்தாலும் தெரிகிற மாதிரி, கொட்டை எழுத்தில் தேதி போட்டிருக்கிறார்கள். அந்தத் தொட்டி காலை வேளையில் லேசாக இருமுகிறது. இருமி முடிக்கும்வரை குடத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.