கறுத்த பியருக்கு ஒரு பிளேட் சோறு

ஆடி வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் கறுத்த பியர் குடிக்கிறவனுக்கு விசர் என்று துறைமுகத்தில் யோசெப்போடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அது பனிக்காலத்துச் சாமானாம். சொல்லிவிட்டுப் போகட்டும்! அவர்கள் குடிக்கிற மஞ்சள் தண்ணீரில் யோசெப் வாய்கூடக் கொப்பளிக்க மாட்டார். வறுத்த கோப்பி மணமென்ன, அடித்தொண்டைக் கசப்பென்ன, மீசையில் ஒட்டுகிற பழுப்பு நுரையென்ன! ஆனால் சர்க்கரை வியாதிக்கு மருந்து தருகிற டொக்டர் மாதத்துக்கு ஒரேயொரு போத்தல் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒன்றுக்காக மனிதர் முப்பது நாளும் நல்ல பிள்ளையாக இருந்தார்.

ஆடி மாதத்துப் போத்தலை அவர் ஐஸில் புதைத்து, வில்லரேப் பூங்காவில் நடந்த தேவாலயப் பங்குச் சனத்தின் ஒன்றுகூடலுக்குக் கொண்டுபோனார். மனைவி றோஸ்மேரி காலையிலேயே சொல்லிவிட்டார்.

"உந்தப் போத்தலோட எனக்குப் பக்கத்தில வந்து இருக்காதேங்கோ. அல்போன்சம்மா கண்டா என்ர மானம் போயிடும்."

யோசெப்புக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. பெண்கள் சட்டி பானையோடு ஒரு மேசையைப் பிடிக்க, அவர் இருபது அடி தள்ளி, மேப்பிள் நிழலில் கிடந்த மேசையில் தனியே குந்தினார். மூடியைத் திறந்தார். ஒரு மிடறு. ஐயோ, என்ன சுகம்! கால் பெருவிரல் வரைக்கும் குளிர்ந்தது.

இரண்டாவது மிடறுக்குள் பூங்காக் காவல்காரப் பெண் வந்து நின்று பிரெஞ்சில் கேட்டாள்.

"சாப்பாடு எங்கே, முசியூ?"

இந்த ஊர்ப் பூங்காவில் சாப்பாட்டோடுதான் குடிக்கலாம். யோசெப்புக்கும் அது தெரியும். ஆனால் குடிக்கும்போது எந்தத் தமிழன் ஐயா சோறு தின்றிருக்கிறான்? போத்தல் முடிந்த பிறகல்லவா சோறு! அதுவரைக்கும் கொறிக்கத்தானே மிக்சர்! அவர் மிக்சர் பையைப் பெருமையோடு நீட்டினார். அவளும் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டாள். முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடியது.

"நல்லாயிருக்கு," என்றாள் இருமிக்கொண்டே. "ஆனால் இது சாப்பாடு இல்லை. ஐந்து நிமிடத்தில் வருவேன். சாப்பாடு இல்லையென்றால் போத்தலைப் புல்லில் ஊற்றவேண்டும்."

புல்லிலா! அடுத்தது இனி ஆவணியில்தான். யோசெப் போத்தலை இறுக்கிப் பிடித்தார். போத்தலோடு பெண்கள் மேசைக்குப் போகமுடியாது, அதைத் தனியே விட்டுப் போகவும் மனமில்லை. இருந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"றோஸ்மேரி! ஒரு பிளேட் சோறு கொண்டு வாருமப்பா!"

றோஸ்மேரி நண்டுக்கறிச் சட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"இஞ்சரும்! நான் கேக்கேல்லை, சட்டம் கேக்குது!"

முழு மேசையும் திரும்பிப் பார்த்தது. பங்கில் எவர் வீட்டுக் கதையையும் தவறவிடாத அல்போன்சம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"போ பிள்ளை, குடுத்திட்டு வா. மனுசன் அழப்போகுது."

போகக்கூடாத மானம் போயே போய்விட்டது. இனி என்ன ஒளிப்பு? றோஸ்மேரி சோற்றையும் நண்டையும் குவித்துக்கொண்டு விறுவிறென்று வந்தார். பிளேட்டை டங்கென்று வைத்தார். திரும்பிப் போய்விடுவார் என்று யோசெப் நினைத்தார். போகவில்லை. எதிரே இருந்துவிட்டார். கலியாணம் கட்டி முப்பத்தொரு வருசத்தில், அவர் குடிக்கிற மேசையில் றோஸ்மேரி இருந்தது இதுதான் முதல் தரம்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னால கத்துறீங்களே, இதுக்குள்ள அப்பிடி என்னதான் கிடக்கு?"

றோஸ்மேரி போத்தலைத் தூக்கி ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். "சீ, கசக்குது."

"அப்பத் தாரும்," என்று யோசெப் ஆவலோடு கையை நீட்டினார்.

"பொறுங்கோவன்." இன்னொரு மிடறு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நல்ல நீளமாக ஒன்று.

காவல்காரப் பெண் திரும்பி வந்தாள். யோசெப்புக்கு முன்னால் சோறு, றோஸ்மேரியின் கையில் போத்தல். "பொன் அப்பெத்தீ!" என்று, நன்றாகச் சாப்பிடும்படி வாழ்த்திவிட்டுப் போனாள்.

போத்தல் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. யோசெப்புக்கு ஆத்திரம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. மனைவியின் மேலுதட்டு நுரையைப் பார்க்கப் பார்க்கச் சந்தோசம் தாங்கமுடியவில்லை. நண்டுக்காலை வாயில் வைத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிச்சது காணும்," என்றார் றோஸ்மேரி. "ஆவணிக்கு ரெண்டு வாங்குங்கோ."