விழுங்கிய மாத்திரைகள்

"வாயத் தொற."

செங்கமலத்தின் குரல் உயரவில்லை. அந்த வீட்டில் அது உயர வேண்டிய தேவை ஒருநாளும் நேர்ந்ததில்லை. அடுக்களை வாசலில் நின்ற சிவரஞ்சனி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மாமியாருக்கு நேரே வாயைத் திறந்தாள். மூன்று மாதத்துக் கருவைச் சுமந்த உடம்பு, நின்ற நிலையிலேயே சற்றுத் தள்ளாடிற்று.

"நாக்கத் தூக்குடி. முத்துவேலு, செல்லு லைட்ட இப்பிடிப் புடி. கடவாய்ல ஒதுக்கி வச்சிருப்பா."

முத்துவேல் கைப்பேசியின் விளக்கை மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தான். வெளுத்த நாக்கு, வெளுத்த ஈறு, மாத்திரை எங்கும் இல்லை. ஒளி தாங்காமல் அவள் இமைகளை மூடிக்கொண்டாள். மூடிய இமையோரத்தில் நீர் திரண்டு நின்றது. அவன் அதைக் கண்டான். கண்ட பின்னும் கையைத் தாழ்த்தவில்லை.

"முழுங்கிட்டேன் அத்தே."

"முழுங்கினவளுக்கு ரத்தம் ஏறாம எங்க போச்சு? எறும்பு தூக்கிட்டுப் போச்சா?"

செங்கமலத்தின் ஐயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குன்னத்தை அடுத்த அந்த ஊரில், இரும்புச்சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்றொரு பேச்சு நெடுங்காலமாக வழங்கிவந்தது. பக்கத்து வீட்டு இருசம்மாள் தனக்குக் கொடுத்த மாத்திரைகளையெல்லாம் குப்பைக்குழியில் புதைத்து, மழை நாளில் அவை மேலே வந்து அகப்பட்டுக்கொண்டவள். ஆகவே, "ரத்தம் ஏறலியேம்மா, ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று சுகாதார நிலையத்துச் செவிலி கேட்ட ஒற்றைக் கேள்வி, வீட்டுக்கு வந்ததும் விசாரணையாகிவிட்டது.

விசாரிக்கப்பட்டவள் அயலாளும் அல்லள். செங்கமலத்தின் உடன்பிறந்த அண்ணன் இராமலிங்கத்தின் மகள். முத்துவேலுக்கு மாமன் மகள். அவள் பிறந்தநாள் தொட்டு அவனுக்கென்றே பேசி வைத்த உரிமைப் பெண். "வேத்து ரத்தம் எங்க வூட்டு வாசப்படிய மிதிச்சதில்ல," என்று திருமணப் பந்தலில் செங்கமலம் சொன்னபோது, சுற்றியிருந்தோர் அதைப் பெருமையென்றே கேட்டுத் தலையசைத்தனர். முத்துவேலும் தலையசைத்தவர்களுள் ஒருவன்.

மறுவாரம் பெரம்பலூரில் சிவரஞ்சனியின் இரத்தத்தை விரிவாகச் சோதித்த மருத்துவர் சுமதி, கணவனையும் மனைவியையும் எதிரே அமர்த்திக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு ஒரு மாத்திரையக் கூடத் துப்பலைங்க. உடம்புல இரும்பு வேண்டிய மட்டும் இருக்கு."

"அப்பறம் எதுக்குங்க டாக்டரம்மா வெளுத்துக் கெடக்கா?"

"சோகைன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கிறீங்க. இரும்பு பத்தாம வர்ற சோகை இருக்கு. அதுல ரத்த அணு சிறுத்து வெளுத்துப் போகும். நகம் கரண்டி மாதிரி குழியும். சாம்பல், பச்சரிசி, செவுத்து மண்ணு இதெல்லாம் தின்னத் தோணும். அதுக்கு இந்த மாத்திரை நல்லாக் கேக்கும். பாலு, முட்டை, கீரைன்னு எதுவும் சேராமப் போயி வர்றது இன்னொண்ணு. அதுல அணு பெருத்துப் போகும். நாக்கு செவந்து வழவழன்னு ஆகும். சில பேருக்குக் கை கால் மரத்துப் போகும். இவங்களுக்கு ரெண்டும் இல்ல. அணு சிறுசாத்தான் இருக்கு, ஆனா இரும்புல குறையில்ல. இது பிறவியிலேயே வர்றது. தலசீமியான்னு பேரு."

முத்துவேல் விழித்தான். மருத்துவர் அவன் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் செம்மண் படிந்திருந்தது.

"என்ன வெள்ளாமை?"

"சின்ன வெங்காயங்க."

"வெங்காயம் ஏன் சிறுத்துப் போகுது?"

"உரம் பத்தலேன்னா சிறுக்கும். வெதையே அப்பிடின்னாலும் சிறுக்கும்."

"வெதையில இருக்கறதுக்கு உரத்தக் கொட்டினா?"

"வீணுங்க."

"அவ்வளவுதான். தாய் தகப்பன்ல ஒருத்தர் வழியா மட்டும் இது வந்தா, லேசா வெளுப்பா இருப்பாங்க. பெருசா ஒண்ணும் ஆகாது. ரெண்டு பக்கமும் சேந்து வந்தாத்தான் ஆபத்து. சொந்தத்துல கட்டியிருக்கீங்க. இப்பவே உங்க ரத்தத்தையும் பாத்துடலாம். உங்களுக்கும் இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு, பெரிய நோயா வர வாய்ப்பு இருக்கு. முன்னாடியே தெரிஞ்சா வயித்துல இருக்கற பிள்ளையையும் சோதிச்சுப் பாக்க வழி இருக்கு."

கதவோரம் நின்ற செங்கமலம் அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஆம்பளைக்கு எதுக்குங்க ரத்தம் பாக்கறது? வெங்காய மூட்டைய ஒத்த ஆளாத் தூக்கி லாரியில போடுறான். மசக்கை அவளுக்கு, ஊசி இவனுக்கா?"

வெளியே வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் முத்துவேலை எழுப்பியது. "வெங்காயம் புடுங்கறாங்க. அடுத்த வாரம் வரேங்க," என்று சொல்லி எழுந்துகொண்டான்.

பேருந்தில் சிவரஞ்சனி அவன் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "ஒரு ஊசிதானே மாமா?"

"அறுவடை முடியட்டும்."

சற்றுத் தூரம் சென்றபின் மறுபடியும் கேட்டாள்: "நான் துப்பலைன்னு அத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. டாக்டரம்மா சொன்னத அவங்க நம்பல. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

"சொல்றேன்."

அவன் சொல்லவில்லை. வெங்காயத்துக்குப் பின் மக்காச்சோளம் வந்தது. அதன்பின் பருத்தி வந்தது. மருத்துவர் இரும்பு மாத்திரையை நிறுத்தினார். செங்கமலம் ஐயத்தை நிறுத்தவில்லை. பிள்ளை பிறந்தான். தமிழ்மாறன் என்று பெயரிட்டார்கள்.

தவழும் பருவத்தில் அவன் தவழவில்லை. மெழுகு போல் வெளுத்தான், வயிறு உப்பியது, பால் குடிக்கும்போதே களைத்து உறங்கினான். அதன்பிறகுதான் முத்துவேல் கையை நீட்டினான். எந்தச் சிரிப்புக்கு அஞ்சினானோ, அந்தச் சிரிப்பு அன்று அங்கே இல்லை. ஊசியின் வலி எறும்புக்கடிக்கும் குறைவாக இருந்தது. அவ்வளவு சிறிய வலிக்கு அஞ்சியா என்ற எண்ணமே பெருவலியாயிற்று. மனைவியிடம் இருந்ததே அவனிடமும் இருந்தது. இருவரிடமிருந்தும் வந்தது பிள்ளையிடம் ஒன்றாகக் கூடியிருந்தது.

தாயிடம் அதைத் தனியே சொன்னான். செங்கமலம் கதவைச் சாத்திவிட்டு, "வெளிய சொல்லிடாத. வளர்மதியக் கட்டிக் குடுக்கணும்," என்றாள். வளர்மதி அவனுடைய தங்கை. அவளுக்காக என்று நாவை அடக்கிக்கொண்டான். தெருவில் செங்கமலம், "அவ பாலுல சத்தில்ல, மாத்திரையத் துப்பினா இப்பிடித்தான்," என்று சொன்னபோதும் அடக்கிக்கொண்டான். மாதந்தோறும் மருத்துவமனையில் மடியில் பிள்ளையைக் கிடத்தி, துளித்துளியாக எவருடைய இரத்தமோ அவனுக்குள் இறங்குவதைப் பார்த்திருந்த சிவரஞ்சனி, கணவனிடம் எதையும் கேட்பதை விட்டிருந்தாள்.

வாலிகண்டபுரத்துச் சிவன் சந்நிதியில் ஒருநாள் கைகூப்பி நின்றான். பிள்ளைக்கு வரம் கேட்க வந்திருந்தான். அர்ச்சகர் தீபத்தட்டை நீட்டினார். முகத்தெதிரே ஒளி வந்தவுடன், திறந்த வாயும் மூடிய இமையும் அவன் முன் நின்றன. தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டான்.

பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பும் முன், வளர்மதிக்கு மாப்பிள்ளை பேசினார்கள். வெகுதூரம் தேடவில்லை. இராமலிங்கத்தின் மகன், சிவரஞ்சனியின் தம்பி, சரத்குமார்தான் மாப்பிள்ளை. பெண் எடுத்த வீட்டிலேயே பெண் கொடுப்பது. நிச்சயத்தன்று கூடத்தில் ஜமக்காளம் விரித்து, வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் நிறைந்த தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தகப்பன் இல்லாத வீடு. பெண்ணின் பக்கத்துத் தட்டை முத்துவேல்தான் ஏந்தித் தரவேண்டும். வெளுத்த பிள்ளையை எவரும் காணவேண்டாமென்று, செங்கமலம் அவனையும் தாயையும் உள்ளறையில் இருத்தியிருந்தாள்.

பெரியப்பன் முறையான சாமிக்கண்ணு தொண்டையைச் செருமினார். "எடுத்த எடத்துலயே குடுத்தாச்சு. சம்பந்தி சண்ட வந்தாலும் ஒரே வூட்டுக்குள்ள முடிஞ்சிரும். தட்ட மாத்துங்கப்பா, பாயசம் ஆறிப்போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். முத்துவேல் தட்டை ஏந்தினான். எதிரே இராமலிங்கம் கைநீட்டினார். தட்டு நகரவில்லை.

"மாமா, இத மாத்துறதுக்கு முந்தி சரத்தும் வளர்மதியும் ரத்தம் பாத்துக்கணும்."

"என்ன மாப்ளே, சபையில வச்சு வெளாடுற? எம் மவனுக்கு என்ன கொறச்சல்?"

"எனக்கும் கொறச்சல் இல்லன்னுதான் நான் ஊசி போட்டுக்காம வந்தேன்." அவன் தட்டைக் கீழிறக்காமலே தொடர்ந்தான். "எம் புள்ள வெளுத்துக் கெடக்கறதுக்கு ரஞ்சனி மட்டும் காரணம் இல்ல. அவகிட்ட இருக்கறது எங்கிட்டயும் இருக்கு. அவளுக்கு உங்க பக்கமாத்தான் வந்திருக்கணும், எனக்கு எங்கம்மா பக்கமா. நீங்களும் அம்மாவும் ஒரு வயித்துப் புள்ளைங்க. அவ ஒரு மாத்திரையும் துப்பல. டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க. கேட்டுட்டு வந்து வாய மூடிக்கிட்டவன் நான்."

"டேய்!" என்றாள் செங்கமலம்.

"வெங்காயத்துக்குக் கூட ஊரு விட்டு ஊரு போயி வெதை பாத்துப் பாத்து வாங்கறோம், மாமா."

"ஏண்டா, மனுசனும் வெங்காயமும் ஒண்ணா?" என்றார் சாமிக்கண்ணு.

அறைவாசலில், பட்டுச்சேலையோடு நின்ற வளர்மதி பதில் சொன்னாள்: "ஒண்ணு இல்லதான் பெரியப்பா. வெங்காயத்துக்குத்தான் பாத்துச் செய்யிறோம்." பின் அண்ணனைப் பார்த்து, "நாளைக்கி நான் வரேண்ணே. மொதல்ல எனக்கு எடுக்கட்டும்," என்றாள்.

அனைவரும் சரத்குமாரைப் பார்த்தார்கள். அவன் தன் தகப்பனைப் பார்த்தான், பிறகு புதுச்சட்டையின் கைப்பொத்தானை மாட்டிக்கொண்டே, "ஆம்பளைக்கு எதுக்கு ரத்தம் பாக்கறது?" என்றான்.

தன்னுடைய பழைய மௌனமே வாய்பெற்று எதிரே அமர்ந்திருப்பதுபோல் முத்துவேலுக்கு இருந்தது. தட்டைத் தரையில் வைத்துவிட்டான். இராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பின்னே கூடமே எழுந்தது. பாயசம் அண்டாவிலேயே ஆடை படிந்தது.

பொழுது சாயுமுன் தெரு தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. இருசம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து, எவரிடமோ சொல்வதுபோல் உரக்கச் சொன்னாள்: "எல்லாம் அந்த அண்ணிக்காரி ஓதிவிட்டது. மாத்திரையத் துப்பினவ, நாத்தனா வாழ்க்கையையும் துப்பிட்டா."

முத்துவேல் எழுந்து வேலிவரை சென்றான். "நாந்தான் நிறுத்தினேன் இருசக்கா. அவ வாயே தொறக்கல," என்றான். இருசம்மாள் அவனை இரக்கத்தோடு பார்த்து, "நல்ல புள்ள, பொண்டாட்டிய வுட்டுக் குடுக்கறியா பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விளக்கு வைத்த நேரத்தில், கூட்டம் கலைந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்த செங்கமலம் எழுந்து வந்தாள். பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் வேளை. இரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு தேங்கி ஈரலையும் நெஞ்சையும் கெடுக்கும். அதை வெளியேற்றவென்று ஒரு மாத்திரை தந்திருந்தார்கள். நீரில் கரைத்துப் புகட்ட வேண்டும். பிள்ளை வேறெவர் கையாலும் அதைக் குடிப்பதில்லை. அந்த வெளுத்த முகத்தைக் காணும்போது மட்டும் செங்கமலத்தின் குரலில் அதிகாரம் இருப்பதில்லை.

"வாயத் தொற, எஞ் சாமி. ஒரே முழுங்கு. வாயத் தொறடா."

பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டான். பிறகு இரங்கி வாயை நிறைத்துக்கொண்டு, விழுங்காமல் கன்னம் உப்ப இருந்தான்.

சிவரஞ்சனி மாடத்திலிருந்த கைப்பேசியை எடுத்து, விளக்கை ஏற்றிக் கணவனிடம் நீட்டினாள்.

"லைட்டப் புடிங்க மாமா. கடவாய்ல ஒதுக்கி வச்சிருப்பான். அத்தை பாக்கட்டும்."

அவள் குரலில் கோபம் இல்லை. முத்துவேல் வாங்கிக்கொண்டான். அவன் திருப்பிப் பிடிக்கையில் ஒளி பிள்ளையின் வாய்க்குப் போகாமல் செங்கமலத்தின் முகத்தில் விழுந்தது. அவள் நிமிர்ந்தாள். கீழிமையின் உட்புறம் பேரனுடையதைப் போலவே வெளுத்திருந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். மூடிய இமையோரத்தில் நீர் திரண்டது.

முத்துவேல் சட்டென்று கையைத் தாழ்த்தினான்.

தாழ்த்திய பிறகே திரும்பிப் பார்த்தான். சிவரஞ்சனி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.